ஐந்தில் ஒரு பங்கு

சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் பல வீடுகளில் ஈஸ்டர் வரை கறி, மீன் கிடையாது. நாட்காட்டியில் எண்ணினால் 46 நாள். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்று அவற்றைக் கழித்து 40 என்கிறோம். அந்த ஆறு ஞாயிறும் பிரியாணி சாப்பிடலாமா என்ற வழக்கு வருஷாவருஷம் வரும். சபை ஐயர் சிரித்துவிட்டு நழுவிவிடுவார்.

இரண்டாம் வாரம், வெள்ளி

லேவியராகமம் 6. லெந்துப் பிரசங்கங்களில் இந்தப் பகுதியை நான் கேட்டதே இல்லை. நம்பிக் கொடுத்த பொருளை இல்லையென்று சாதித்தவன், பறித்தவன், கண்டெடுத்ததை மறைத்தவன் இவர்களெல்லாம் குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா கொண்டுவர வேண்டும். பலியிடும் அதே நாளில் முதலையும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவன் கையில் கொடுத்துவிடவும் வேண்டும். 100 ரூபாய்க்கு 120. கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. பணம் போய்ச் சேருவது அடுத்த வீட்டுக்காரனிடம். சுவிசேஷத்தில் வரும் ஆயக்காரன் சகேயு இன்னும் தாராளம், நாலு மடங்கு என்றான்.

பாவம் என்றதும் நமக்குக் குடியும் சீட்டாட்டமும்தான் ஞாபகம் வரும். அக்காவுக்குப் பிரித்துக் கொடுக்காத சொத்து, வேலைக்காரம்மாவிடம் பிடித்துக்கொண்ட சம்பளம் எல்லாம் ஜெபக்குறிப்பில் ஏறுவதே இல்லை.

பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. பகல் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு மொழிகளுக்கும் ஏழு பேர். மின்விசிறி அனலை வாரிக் கொட்டியது. கடனெல்லாம் அவரே தீர்த்துவிட்டார், நமக்கு இனி ஒரு பாக்கியும் இல்லை என்றார் ஒருவர். தேவனிடத்தில் பாக்கி இல்லை, சரி. மனுஷரிடத்தில்?

மூன்றாம் மொழி என்னை விடவில்லை. உலகத்தின் பாவத்தைச் சுமந்து தொங்குகிறவர், அம்மா இனி யார் வீட்டில் இருப்பாள் என்று யோசிக்கிறார். சீடன் ஒருவனிடம் ஒப்படைத்த பிறகுதான் மற்றது. அத்தனை பெரிய பலியின் நடுவிலும் வீட்டுப் பொறுப்பைத் தள்ளிவைக்கவில்லை.

ஈஸ்டர், மாலை

விடியுமுன்னே ஆராதனை முடிந்து, மத்தியானம் நல்ல தூக்கம். எழுந்து யோவான் 21 வாசித்தேன். பேதுரு மறுதலித்தது பிரதான ஆசாரியனின் முற்றத்தில், கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடி. உயிர்த்தெழுந்தவர் கரையில் மூட்டி வைத்திருப்பதும் கரிநெருப்பு. பேதுருவுக்கு அந்த வாசனையே போதுமாயிருந்திருக்கும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. முதலில் மீனும் அப்பமும். சாப்பிட்டு முடித்த பின்பு, நேசிக்கிறாயா என்று மூன்று தரம்; ஒவ்வொரு தரமும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மன்னிப்பு முழுசாகவே கிடைத்தது. அவன் செலுத்த வேண்டிய ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளின் பேரில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

லேவியராகமத்தைப் பற்றிச் சொன்னதும், அடுத்த வேதபாடக் கூட்டத்துக்கு இதையே வைக்கலாம் என்றார் சபை நண்பர். வைத்தால் ஒன்றிரண்டு சொத்து வழக்காவது வாபஸ் ஆகும். இல்லாவிட்டால் கூட்டத்துக்கு ஆள் குறையும்.