பதினாறு வாரம் காத்திருக்க முடியாது

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று தொடக்கப்பள்ளியில் நம்மில் எத்தனை பேர் கட்டுரைக்குக் கட்டுரை எழுதியிருப்போம்! நாய்க்குட்டிக்கு அந்த ஐந்து ஆண்டுக் கணக்கல்ல, வாரக் கணக்கு. பிறந்த மூன்றாம் வாரத்தில் தொடங்கும் ஒரு பருவம் பன்னிரண்டு, பதினான்காம் வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குள் அச்சமின்றிப் பழகியவை எல்லாம் குட்டியின் உலகத்தில் சேர்ந்துவிடும். பழகாதவை பிற்காலத்தில் பகையாகவே தோன்றக்கூடும்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் நடந்த ஆய்வொன்று 1961இல் வெளிவந்தது. அதில் சில குட்டிகளை உயர்ந்த வேலிக்குள் மனிதப் பழக்கமே இல்லாமல் வளர்த்தனர். பதினான்கு வாரம் வரை அப்படியே இருந்தவை மனிதரைக் கண்டால் காட்டு விலங்கைப்போல் மிரண்டு ஓடின. பிறகு எவ்வளவு முயன்றும் அவை முழுமையாக இணங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மணி வந்தபோது அவனுக்கு ஒன்பது வாரம். மால்டீஸ் குட்டிக்கு மணி என்ற பெயரா என்று தம்பி சிரித்தான். ஆனால் பெயர் வைத்தவர் பாட்டி. எனவே மறுபேச்சில்லை. சிக்கல் தடுப்பூசியில் தொடங்கியது. தாய்ப்பால்வழி வந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்து வேலை செய்வதைத் தடுக்கக்கூடும் என்பதால், சில வார இடைவெளிகளில் பதினாறு வாரம்வரை ஊசி போட வேண்டியிருக்கிறது. “எல்லா ஊசியும் முடியட்டும், அப்புறம் வெளியே கொண்டு போகலாம்,” என்றார் அப்பா. அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஆனால் பதினாறாம் வாரத்தில் வெளியே வரும் குட்டிக்கு அந்தப் பருவம் கடந்துபோயிருக்குமே!

அமெரிக்காவின் விலங்கு நடத்தையியல் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கையை அப்பாவிடம் காட்டினேன். முதல் ஊசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆகி, முதல் குடற்புழு மருந்தும் கொடுத்திருந்தால், ஏழெட்டு வாரத்திலேயே குட்டியை வகுப்பில் சேர்க்கலாம் என்கிறது அது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் தொற்றுநோயன்று, நடத்தைச் சிக்கல்களே என்றும் அதில் இருந்தது. அந்த வரியை அப்பா இருமுறை படித்தார். “கால் தரையில் படக்கூடாது,” என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

அன்றுமுதல் மணியைத் துணிப்பையில் சுமந்துகொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை மலாய்த் திருமணத்தின் கொம்பாங் இசை. அடுத்த வாரம் சீனர் இறுதிச் சடங்கின் தாளவோசை. இரண்டையும் தூரத்திலிருந்து, கோழித்துண்டு தின்றபடியே அவன் கேட்டான்.

வகுப்பு, கிருமிநாசினியால் துடைத்த ஓர் அறையில் நடந்தது. மொத்தம் ஆறு குட்டிகள். ஒன்றையொன்று கடித்து விளையாடின. வலிக்கும்படி கடித்தால் மற்றது கீச்சிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடியின் அளவை நம்மைவிடக் குட்டிகளே குட்டிகளுக்கு நன்றாகக் கற்பிக்கின்றன! பிறகு காதைத் தூக்கிப் பார்ப்பது, பாதத்தைப் பிடிப்பது, தொப்பி அணிந்தவரைக் காண்பது எனத் தொடர்ந்தது. குடை விரிந்தபோது மணி பின்வாங்கினான். நான் அவனை முன்னே தள்ளப் பார்ப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, பயிற்றுநர் உடனே கையமர்த்தினார். குடைதான் தள்ளிப் போக வேண்டுமாம். குட்டி எந்தத் தூரத்தில் நிம்மதியாகத் தின்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அஞ்சும் குட்டியை வலிந்து நெருங்க வைத்தால் அது பழகாது, அச்சம்தான் ஊறும்.

நண்பர்களே, பழக்குவது என்றால் எல்லாரிடமும் வாலாட்டிக்கொண்டு ஓடச் செய்வது என்றே பலர் எண்ணுகிறார்கள். வீவக வீட்டில் அது உதவாது. ஓயாமல் குரைத்தாலோ யார்மேலாவது பாய்ந்தாலோ புகார் எழும். அது முற்றினால் நாயை வெளியேற்ற வேண்டிய நிலைகூட வரலாம். எதிர்வீட்டு மக்சிக்குக்கு மணிமீது வெறுப்பு கிடையாது. ஆனால் அவன் எச்சில் பட்டால் அவர் சமய முறைப்படி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அவருக்குத் தேவை அன்பான நாயன்று, தன் இடத்தில் இருக்கும் நாய். ஆகவே மணி கற்ற மிக முக்கியமான பாடம், மின்தூக்கியின் மூலையில் என் இடக்காலருகே உட்கார்ந்து, உள்ளே வருபவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் என் முகத்தைப் பார்ப்பது. அதற்கு மூன்று வாரமும் எண்ணற்ற கோழித்துண்டுகளும் ஆயின. என் பகுதிநேர வேலைச் சம்பளம் எங்கே போனது என்று அம்மா இன்றும் கேட்கிறார்.

மணிக்கு இப்போது இரண்டு வயது. மக்சிக் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பதில்லை; பேரனைத் தன் மறுபக்கம் நிறுத்திக்கொண்டு எங்களோடு ஏறுகிறார். இடி இடித்தால் மட்டும் மணி பாட்டியின் கட்டிலுக்கடியில்தான். அதற்கான ஒலிப்பதிவை மெல்ல மெல்லப் போட்டுப் பழக்கி வருகிறோம். பாட்டிக்குத்தான் அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.