படியெடுத்தால் போதுமா?

தொலைந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். தொலைந்த குரலை எந்தச் சந்தையில் வாங்குவது?

எங்கள் வீட்டுப் பழைய ஹார்ட் டிஸ்கில் ஏறத்தாழ 11,000 கோப்புகள் இருந்தன. லாரி ஓட்டும் அப்பா வடநாட்டுப் பயணங்களில் எடுத்த படங்கள், அக்காளின் திருமணக் காட்சிகள், நடவு வயலில் பாட்டி பாடிய பாடல்கள் என்று பத்தாண்டுகளில் சேர்ந்த செல்வம் அது. டிஸ்க் தளர்ந்துவிட்டதால் புதிது வாங்கினோம். “எல்லாவற்றையும் புதியதில் போட்டுவிட்டுப் பழையதை அழித்துவிடு” என்றார் அப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் ஊர் முட்டை லாரியைப் பாருங்கள். அட்டைக்கு 30 முட்டை. ஏற்றும்போதும் எண்ணுகிறார்கள், இறக்கும்போதும் எண்ணுகிறார்கள். கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் விரிசல் விட்டவை எத்தனை என்பதைக் கணக்குச் சொல்லுமா? கோப்புகளும் அப்படித்தான். பெயர் இருக்கும், அளவும் பொருந்தும். திறந்து பார்த்தால் பாதிப் படம் சாம்பல் பூத்திருக்கும்.

‘படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்பது நம் பழமொழி. ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் படியெடுத்துத்தான் நம் இலக்கியங்கள் நம்மிடம் வந்தன. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படியில் பிழை நேர்ந்திருந்தால் ஒப்பிட்டுத் திருத்த மூலம் ஏது? ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை; காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டதன் அருமை இதனால் விளங்கும்.

அவர் கண்ணால் செய்ததை இன்று கணினி நொடியில் செய்கிறது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை கோப்பு முழுவதையும் படித்து, 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தைத் தருகிறது. கைரேகை என்றே சொல்லலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும். மூலத்திற்கும் படிக்கும் ரேகை எடுத்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. படியெடுத்ததும் டிஸ்கை முறைப்படி கழற்றி, மீண்டும் இணைத்த பிறகே ரேகை எடுக்க வேண்டும். இல்லையேல் கணினி தன் நினைவகத்தில் தங்கியிருப்பதையே படித்துச் ‘சரி’ என்று சொல்லிவிடக்கூடும். மேலும், மூலமே பழுதுபட்டிருந்தால் ரேகை அந்தப் பழுதுக்கே சாட்சி சொல்லும். ஆகவே கோப்பு நலமாக உள்ளபோதே ரேகை எடுத்து எழுதி வைப்பது நல்லது.

இரண்டு இரவுகள் ஒப்பிட்டேன். மூன்று கோப்புகள் பொருந்தவில்லை. அவற்றுள் ஒன்று பாட்டியின் நடவுப் பாட்டு! மூலம் கையில் இருந்ததால் மறுபடி படியெடுத்தேன், பொருந்தியது. பாட்டி இன்று இல்லை. அந்தப் பாட்டுக்கு வேறு பதிவும் இல்லை. பழைய டிஸ்கை அப்பா இப்போது பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இன்னொரு படி இராசிபுரத்தில் அத்தை வீட்டில் இருக்கிறது.

தனிமனிதர் சேர்த்ததுதானே என்று எண்ணற்க. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னைக்கு இடம் பெயர்ந்து ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு வீட்டின் சேமிப்பு நாளை ஒரு நாட்டின் வரலாறாகலாம்.

எனவே நண்பர்களே, இடம் மாற்றும்போது வெட்டி ஒட்டாதீர்கள், படியெடுங்கள். படியெடுத்தபின் ஒப்பிடுங்கள். ஒப்பிட்டு முடியும்வரை மூலத்தின் மேல் கை வைக்காதீர்கள். ஆற்றில் விட்ட ஏடு கரை திரும்புவதில்லை!