பிரேக் கத்தினால் பாட்டைக் கூட்டாதீர்கள்!

சேலத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக் கார் தெருமுனையில் திரும்பும்போதே "க்ரீஈஈச்" என்று ஒரு சத்தம் வரும். "வந்துட்டான், காபி வை" என்பார் பாட்டி. அந்த அளவுக்குப் பழகிப்போன பிரேக் சத்தம்.

அப்பாவிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்!

பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று சொன்னார். "கதவு கீல் மாதிரிதான் சார். நாலு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்." அப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பியும் விட்டார். கார் ஓட்டவே தெரியாத அம்மாதான் தடுத்தார். "ஏங்க, உரசித்தானே வண்டி நிக்குது? அதுல எண்ணெயை விட்டா எப்படிங்க நிக்கும்?"

ரொம்பச் சரியான கேள்வி.

எல்லாச் சத்தமும் ஆபத்தில்லை. மழை பெய்த மறுநாள் காலை டிஸ்க் மேல் லேசாகத் துரு படிந்திருக்கும். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பின் சக்கர டிரம்மில் தூசி சேர்ந்தாலும் சத்தம் வரும். ஆனால் நாள் கணக்கில் நிற்காமல் கத்தினால் விஷயம் வேறு. பல பிரேக் பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்கில் பட்டுக் கத்தும். "மாற்று" என்று சொல்வதற்காகவே வைத்தது அது. அதையும் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்து "கரகர" சத்தம். இரும்போடு இரும்பு உரசி டிஸ்கையே தின்றுவிடும்.

மறுநாள் ஏற்காடு போவதாகத் திட்டம். 20 கொண்டை ஊசி வளைவுகள். அம்மா விடவில்லை, சனிக்கிழமையே கார் ஒர்க்‌ஷாப் போனது.

மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்க பேடு பாதி இருந்தது. "பாத்தீங்களா, இன்னும் இருக்கே!" என்றார் அப்பா. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் உள்பக்க பேடை எடுத்துக் கையில் கொடுத்தார். நகத்தின் கனம்கூட இல்லை. காலிப்பர் நகர்கிற பின் காய்ந்து இறுகிப்போய், மொத்தச் சுமையும் உள்பக்கத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை அதில் மட்டும் தடவினார் மெக்கானிக். பேடு உரசுகிற பக்கத்தில் ஒரு துளிகூடப் படவில்லை. பிரேக் தூசியை வாயால் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்று இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேடு போட்டார். "எடுக்கறதுக்கு முன்னாடி பெடலை நல்லா நாலஞ்சு தடவை மிதிங்க சார், இல்லேன்னா முதல் தடவை பிரேக் பிடிக்காது. புது பேடு செட்டாகணும், கொஞ்ச நாளைக்கு மலைப்பக்கம் போகாதீங்க."

ஏற்காடு இரண்டு வாரம் தள்ளிப்போனது. போய்விட்டு, இரண்டாவது கியரில் நிதானமாக இறங்கியும் வந்தார்கள். சத்தமே இல்லை.

பாட்டிக்குத்தான் குறை. "எப்ப வர்றான்னே தெரியல" என்கிறார். இப்போது தெருமுனையில் அப்பா ஒரு ஹாரன் அடிக்கிறார். காபி ரெடி!