16 ஆம்பியர் பிளக்கும் வெல்டிங் மெஷினும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் ஷெட்டிலேயே கேட்டுக்கு வெல்டு வைக்க நினைப்பவருக்கு இன்று கையில் தூக்கும் இன்வெர்ட்டர் மெஷின் கிடைக்கிறது. வீட்டு பிளக்கே போதும் என்பது பாதி உண்மை. வீட்டின் பெரிய சாக்கெட் 16 ஆம்பியர்; 230 வோல்ட்டில் சுமார் 3,700 வாட். 12 கேஜ் ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால் ஆர்க்கில் 23 வோல்ட் அளவில் நிற்கும். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 2,200 வாட். தாங்கும். 10 கேஜுக்கு 120 ஆம்பியர் ஏற்றினால் 3,500 வாட்டைத் தொடும். பவர் ஃபேக்டர் குறைந்த மெஷின் என்றால் லைனில் 20 ஆம்பியரைத் தாண்டிவிடும்.

எம்சிபி விழுந்தால் பெரிதாக மாட்டிவிடலாமே என்பார்கள். எம்சிபி இருப்பதே சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான். 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போடுவது காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது. டிபியிலிருந்து 4 சதுர மி.மீ. தனி லைன், 25 ஆம்பியர் எம்சிபி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட், சரியான எர்த், இவைதான் வழி. கடலூர் உப்புக்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூத்துச் சூடேறும் என்பதால் அவற்றை அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். வருடத்துக்கு ஒரு வெல்டுக்கு இவ்வளவு செலவா என்பது நியாயமான கேள்வி. அப்படிக் கேட்பவர்கள் 12 கேஜோடு நிறுத்திக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுக்க விரித்துப் போட்டால் போதும். சுருளாகக் கிடந்தால் சூடு வெளியேறாது. பழைய டிரான்ஸ்பார்மர் செட்டை இரண்டு பேஸில் மாட்டுவது வேறு கதை, பக்கத்து வீட்டு லைட்டும் சேர்ந்து மினுக்கும். கூலிக்கு வெல்டு வைத்தால் வீட்டு இணைப்பு செல்லாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் கட்ட நேரும்.