தூக்கிப் பார்த்து வாங்கிய தள்ளுவண்டி

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஒரு மத்தியானம், பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நைனா, மெட்ராஸ் போறதுக்குள்ள ஒரு தள்ளுவண்டி வாங்கணும்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"தள்ளுவண்டி இன்னாத்துக்கு? மாப்ள வேலைய வுட்டுட்டு காய்கறி விக்கப் போறாரா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆர்.கே.பேட்டையில் தள்ளுவண்டி என்றால் காலையில் தக்காளி வரும், சாயங்காலம் பஜ்ஜி வரும். நடுவில் இஸ்திரிக்காரர் வருவார். குழந்தை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இங்கே குழந்தைகள் கைமாறிக் கைமாறித்தான் ஊர் சுற்றுகின்றன. நெசவாளர் தெருவில் காலையில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிற பிள்ளை, மத்தியானம் தேடிப்போனால் ஏழாவது வீட்டில், யாரோ ஒரு ஆயாவின் இடுப்பில் இருக்கும். பசித்தால்தான் தாய்க்குத் திரும்ப வரும். என் மகளும் அப்படி வளர்ந்தவள்தான். அவள் நடக்கக் கற்றபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே குழந்தை வண்டி, மூன்று சக்கரம் வைத்த மர நடைவண்டி.

ஆனால் அவள் திரும்பப் போகிற இடம் பெரம்பூரில் ஒரு வாடகை வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டு ஆகும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "செருப்ப மட்டும் பாத்திருக்கேன் நைனா" என்றாள். அவள் கேட்பது வண்டி மாதிரி இருந்தாலும், உண்மையில் இரண்டு கூடுதல் கைகளைக் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அன்றிலிருந்து கைப்பேசியில் விதவிதமான வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. நான் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன். "கேபின் சைஸ்", "ஒன் ஹேண்ட் ஃபோல்டு", "நியூபார்ன் மோடு" என்று அவள் அடுக்க, ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டுக் கேட்டு ஒரு பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். மடக்கினால் சின்னதாகிற வண்டிகளில் பல, உட்கார்ந்து வருகிற பிள்ளைக்காகச் செய்தவை. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்க மூன்று நான்கு மாதமாகும். அதுவரை அது உட்காரக் கூடாது, சாய்ந்தும் இருக்கக் கூடாது, மல்லாந்து படுத்துத்தான் வர வேண்டும். சாய்த்து வைத்தால் தலை முன்னால் தொங்கி, முகவாய் மார்பில் இடிக்கும். அவ்வளவு சின்ன மூச்சுக்குழாய்க்கு அது போதும், அடைத்துக்கொள்ள.

இதைத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரும் சொன்னார். கூடவே, ராத்திரி தூங்குவதற்குச் சமமான, கெட்டியான படுக்கைதான் நல்லது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நாங்கள் மூவரும் உத்திரத்தில் தொங்கிய தூளியை ஒரு தரம் பார்த்தோம். என் அம்மாவின் பழைய நூல்புடவை அது. நானும் என் தம்பியும், எங்கள் பிள்ளைகளும் அப்படிப்பட்ட துணிக்குள் வில்லாக வளைந்துதான் தூங்கினோம். பகலில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தூளி, ராத்திரிக்குத் தரையில் பாய், மெத்தை என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம். என் மனைவி இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. தமிழில் ஒரு தாலாட்டு, எதிர்வீட்டுக்காரம்மா வந்தால் தெலுங்கில் ஒரு ஜோஜோ என்று தூளி பகலெல்லாம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி வரை இந்தத் திருத்தணிப் பக்கம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது. எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டார்கள், தாலாட்டை யாரும் பிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை திருத்தணியில் மின்சார ரயிலேறி, பெரம்பூரில் மாப்பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போனேன். குளிர்சாதனம் போட்ட பெரிய கடை. பளபளக்கும் தரை. அந்தத் தரையில் எந்த வண்டியைத் தள்ளினாலும் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போயிற்று. கடைப்பையன் முதலில் காட்டியது ஒரு பெரிய வண்டி. நல்ல அகலம், பெரிய சக்கரம், உள்ளே பிள்ளை சப்பரத்தில் சாமி மாதிரி படுத்து வரலாம். "எவ்ளோ வெயிட் தம்பி?" என்றேன். பன்னிரண்டு கிலோ. மாப்பிள்ளை அதைத் தூக்கி இரண்டடி நடந்து பார்த்துவிட்டு மெல்ல இறக்கினார். அவர் முகத்தில் முப்பத்தெட்டு மாடிப்படியும் தெரிந்தது.

அப்புறம் நாங்கள் பார்த்ததெல்லாம் ஒரே முறையில்தான். கடைப்பையன் தள்ளிக் காட்டுவான், நாங்கள் தூக்கிப் பார்ப்போம். நல்ல வேடிக்கை. பெயரே தள்ளுவண்டி. ஆனால் நம் ஊரில் அதைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மாடிப்படியில் தூக்க வேண்டும், ரயில் நிலைய மேம்பாலத்தில் தூக்க வேண்டும், நடைபாதையில் ஏற்றவும் இறக்கவும் தூக்க வேண்டும், ஆட்டோவில் மடக்கித் தூக்கிப் போட வேண்டும். உருளப்போகிற தூரம் நடுவில் எங்கேயாவது கிடைத்தால் லாபம். ஒரு கணக்குப் போட்டேன். மூன்று மாதத்துப் பிள்ளை ஐந்தரைக் கிலோ. ஏழு கிலோ வண்டி. துணி, தண்ணீர், பால்புட்டி வைத்த பை மூன்று கிலோ. பதினைந்தரைக் கிலோ, பிள்ளை பெற்ற உடம்பு தூக்க வேண்டும். அரிசிச் சிப்பத்தில் பாதிக்கும் மேல்.

பாரம் தூக்க முடியவில்லை என்று ஒரு மகள் சொன்னதால்தான் இந்த மடக்கு வண்டியே பிறந்தது என்று பிற்பாடு படித்தேன். இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்று ஒரு பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரம் மடங்கி உள்ளே போகிற அமைப்பில் வேலை செய்தவர். ஓய்வுபெற்ற பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய மகள், பேத்தியின் பெரிய வண்டியோடு படுகிற பாட்டைச் சொல்லியிருக்கிறார். விமானத்தின் கால் மடங்கும்போது பிள்ளை வண்டியின் கால் ஏன் மடங்கக் கூடாது? 1965-இல் அலுமினியக் குழாய்களை வைத்துக் குடை மாதிரி மடங்குகிற வண்டியைச் செய்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அதற்கு முன்னால் 1733-இல் வில்லியம் கென்ட் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குச் சிப்பி வடிவத்தில் வண்டி செய்து கொடுத்தாராம், ஆடு இழுத்துப் போக. அந்தப் பிரபுவின் தோட்டத்தில் மாடிப்படி இருந்திருக்காது.

கடைக்குத் திரும்புகிறேன். அரை மணி நேரத்தில் நான்கு வண்டி மிஞ்சியது. அதில் இரண்டு முழுசாகப் படுக்கவில்லை, பாதி சாய்ந்து நின்றுவிட்டன. "ஆறு மாசம் ஆனதும் யூஸ் பண்ணிக்கலாம் சார்" என்றான் பையன். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை மாதம். மீதி இரண்டில் ஒன்று சரியாக ஏழு கிலோ, முதுகு பலகை மாதிரிச் சமமாகப் படுத்தது, ஐந்து இடத்தில் வார் வந்து நடுவில் பூட்டிக்கொண்டது. துணியை விரல் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது பழக்கம். பாலியஸ்டர், நெருக்கமான நெய்வு. சித்திரை வெயிலில் பிள்ளையின் முதுகு வேகும். வீட்டில் நூல்துணி விரித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மேலே வெயிலுக்காகத் துண்டைப் போட்டு மூடுவார்களே, அது மட்டும் கூடாது. காற்று நின்று உள்ளே அடுப்பாகிவிடும்.

சக்கரம்தான் உறுத்தியது. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற சக்கரம். மாட்டுவண்டிக்கு நெஞ்சு உயரச் சக்கரம் ஏன் வைத்தார்கள்? பள்ளத்தில் இறங்கினாலும் பெரிய சக்கரம் மேலே தாண்டிவிடும், சின்னது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சின்னச் சக்கரம் வைக்கிறவன், முன்னால் நல்ல பாதை இருக்கிறது என்று நம்பி வைக்கிறான். விமான நிலையத்தில் அது பலிக்கும்.

பெரம்பூரில் பலிக்குமா என்று பார்க்க, வண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு அவர் வீட்டுத் தெருவரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். நடைபாதை விளிம்பு சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடக்கிறவர்களுக்கு 1.8 மீட்டராவது தடையில்லாத அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. என்னிடம் டேப் இல்லை. குனிந்து சாணால் அளந்தேன். ஓரிடத்தில் ஒரு சாண் ஏறி அதற்கு மேலும் நாலு விரல் போயிற்று. முப்பது சென்டிமீட்டர். அதன்மேல் ஏறினால் நாலு முழம் நடப்பதற்குள் ஒரு மின்பெட்டி, அதைத் தாண்டினால் வரிசையாகப் பைக்குகள். தெருவில் போனவர்கள் நான் காசைத் தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்திருப்பார்கள்.

அங்கே குனிந்திருந்தபோதுதான் பட்டினப்பாலை ஞாபகம் வந்தது. வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. அதை விரட்ட அந்த வீட்டுப் பெண்கள் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறார்கள். கால் காப்புப் போட்ட பிள்ளைகள் குதிரையில்லாமல் உருட்டி வருகிற மூன்று கால் சிறுதேருக்கு அந்தப் பொற்குழை குறுக்கே கிடந்து வழி மறிக்கிறது. ஊரின் வளத்தைச் சொல்ல வந்த இடம் என்று பிள்ளைகளுக்கு விளக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தோன்றியது. பாதையில் கிடப்பதை எடுக்க யாரும் வரவில்லை என்பதையும் பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

சென்னையைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. சாலைக்கு ஒதுக்குகிற பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று 2014-லேயே மாநகராட்சி கொள்கை வகுத்தது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் வண்டி கடைத்தரையில் ஓடிய மாதிரியே ஓடும். ஆனால் பெரம்பூரிலிருந்து பாண்டி பஜார் போய்ச் சேரும் வரைக்கும் தூக்கித்தானே போக வேண்டும்?

அந்த ஏழு கிலோ வண்டியைத்தான் வாங்கினோம். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள், பிள்ளையை எடுத்ததும் பின்னால் குடைசாயும் என்று கடைப்பையன் தானாகச் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று. திருத்தணியில் இறங்கிப் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் மடங்கிக் கிடந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இன்னா சார், மிஷினா?" என்றார். பிள்ளை வண்டி என்றதும் லக்கேஜ் வாங்காமல் விட்டுவிட்டார். காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் மாதம் முடிந்து பிள்ளையை மலைக்கு எடுத்துப் போனோம். வண்டியும் வரட்டும் என்றாள் மகள். திருத்தணி மலைக்கு வருஷத்தின் நாள் கணக்கில் 365 படி. டிசம்பர் 31 அன்று படிக்குப் படி நின்று திருப்புகழ் பாடி ஏறுவார்கள். மேலேவரை போகத் தார்ச்சாலையும் இருக்கிறது. ஆனால் என் மனைவிக்குப் படியேறுவதாக வேண்டுதல். அன்றைக்கு என் தம்பி மகன் பிள்ளையைத் தூக்கினான், நான் வண்டியைத் தூக்கினேன். நாற்பதாவது படியில் இளைப்பாற உட்கார்ந்தபோது, தலையில் கூடையோடு ஏறிய ஓர் அம்மா என்னைப் பார்த்து, "காவடி புதுசா கீதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவம் சிறுதேர், பெண்பிள்ளைக்கு ஊசல். மீனாட்சியம்மைக்குக் குமரகுருபரர் பாடியதும் ஊஞ்சலில்தான் முடிகிறது. ஆண் தேரோட்டிக்கொண்டு வெளியே போக, பெண் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கட்டும் என்று வைத்த கணக்கு போலிருக்கிறது. என் பேத்திக்குத் தூளியும் ஆயிற்று, தேரும் ஆயிற்று.

அந்தத் தேர் உருப்படியாக உருண்டது எங்கே என்றால், எங்கள் தெருவில்தான். நெசவாளர் தெருக்கள் வளையாமல், நீளமாக இருக்கும். அந்தக் காலத்தில் விடியற்காலையில் தெருவோடு தெருவாகப் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். பாவு கோணக் கூடாது என்பதால் தெருவும் கோணவில்லை. நான் சின்னப் பையனாக அறுந்த இழையைத் தேடிக்கொண்டு அந்தப் பாவின் ஓரமாக நடந்திருக்கிறேன். தெருப்பாவு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. குழித்தறி போய் விசைத்தறி வந்துவிட்டது. தெரு மட்டும் அப்படியே நேராக இருக்கிறது, மேலே சிமென்ட் போட்டு.

மகள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் பிள்ளையைப் படுக்க வைத்து நான் தள்ளிப் போனேன். இரண்டு பக்கமும் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சின்னச் சக்கரம் சிமென்ட் இணைப்புகளில் ஏறி இறங்கும் டக் டக் அந்தச் சத்தத்தோடு கலந்துபோயிற்று. தெருமுனைக்குப் போவதற்குள் பேத்தி தூங்கிவிட்டாள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கின பிள்ளை. பெரம்பூரில் இந்தச் சத்தத்துக்கு எங்கே போவார்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

வீட்டுக்கு நாலு வாசல் இருக்கும்போது கரண்ட் போயிற்று. தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் பிள்ளை திடுக்கென்று விழித்து வீறிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஓடிவந்தாள். கூடவே எதிர்வீட்டுக்காரம்மா, அவர் மருமகள், பக்கத்து வீட்டு ஆயா. நான்கு பேரும் வண்டியைச் சுற்றிக் குனிந்து வாரைப் பிடித்து இழுத்தார்கள்.

"இந்தப் பூட்ட எப்படிங்க தொறக்கறது?" என்றாள் என் மனைவி.