போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி

சென்ற ஆடித் திருவாதிரையன்று நமது வகுப்புப் பிள்ளைகளைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அது இராஜேந்திர சோழனின் பிறந்த நட்சத்திரம். கோயில் விமானத்தின் நிழலில் உட்காரவைத்து, 1025-ஆம் ஆண்டில் அம்மன்னனின் கப்பற்படை கடல் கடந்து கடாரத்தை வென்ற வரலாற்றைச் சற்றே மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னோம். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்.

"இப்போது அங்கே போக எத்தனை நாளாகும், ஸார்?" என்றான் ஒரு பையன்.

"நாளா? இங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு நூறு கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 2,700 கிலோ மீட்டர். ஏறத்தாழ நான்கு மணி நேரம். அப்புறம் கெடாவுக்கு வடக்கே பஸ்ஸில் நான்கைந்து மணி" என்றோம்.

அதோடு விட்டோமா? உபாத்தியாயர் புத்தி! அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. காலை ஒன்பதுக்குத் திருச்சியில் புறப்பட்டால் அங்கே இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்டோம். "மூன்றரை!" என்றார்கள். அங்கே ஒன்பதுக்குப் புறப்பட்டால்? "இங்கே பத்தரை!"

"அப்படியானால் போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி! வருவதுதான் சுலபம்!" என்று ஒருவன் கூவ, எல்லோரும் சிரித்தார்கள்.

வேர்க்கடலைக் கூடையுடன் பக்கத்தில் நின்ற அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கடைசி மகன் நம்மிடம் படித்தவன். கெடாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

"ஏன் ஐயா, ஒன்றரை மணியிலே வந்துடலாமா? எம்புள்ளை போயி நாலு வருஷமாச்சே!"

அது கடிகாரக் கணக்கு என்று விளக்க வாயெடுத்து, மூடிக்கொண்டோம். போவதற்காகக் காணியை அடகு வைத்தார்களாம். டிக்கெட்டுக்கு ஆகும் பணம் கடனுக்குப் போகட்டும் என்று மகனே சொல்லிவிட்டானாம். தினம் இரவு கைப்பேசியில் முகம் காட்டுகிறான், அவ்வளவுதான்.

அந்நாளில் பாய்மரக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பும். மாலுமியின் தாய் காற்று மாறும் மாதத்தை எண்ணிக் காத்திருந்திருப்பாள். இன்று காற்றுக்காக யாரும் காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால் கடன் தீரும் மாதத்தை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பது?

இன்னொன்றும் நினைவுக்கு வந்து உறுத்திற்று. இதே புல்தரையில் அந்தப் பையனையும் உட்காரவைத்து, இதே கடாரக் கதையை, இதே பெருமிதத்துடன் சொல்லியிருக்கிறோம். வென்றவர் கதையைச் சொன்னோமே தவிர, பிழைக்கப் போகிறவன் அறிந்துகொள்ள வேண்டிய கணக்கு எதையும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில், அந்த முதல் பையன் நம் அருகே வந்து உட்கார்ந்தான். "நானும் பெரியவனானால் கடாரம் போகட்டுமா, ஸார்?"

"தாராளமாகப் போ, அப்பா. ஆனால் காணியை அடகு வைத்துப் போகாதே. ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போ. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் வீடு திரும்பலாம் என்று எழுத்தில் பார்த்துக்கொண்டு போ" என்றோம்.

மறுநாள் கரும்பலகையில் எழுதிய முதல் கணக்கும் அதுதான்.