இடம் போதவில்லை என்று யார் சொல்வது?

மகன் சாஃப்ட்வேரில் இருக்கிறான் என்றால் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பேங்க் வேலை, டீச்சர் வேலை மாதிரி அதுவும் எல்லோருக்கும் பழகிவிட்டது. ‘ஸ்டோரேஜ் அட்மின்’ என்று சொன்னால்தான் சிக்கல். “அப்படின்னா குடோன் கீப்பரா தம்பி?” என்று யாராவது ஒரு பெரியப்பா கேட்டுவிடுவார். கூடியிருப்பவர்கள் சிரித்தாலும், பெரியப்பா சொன்னது ஏறக்குறைய சரிதான். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பிள்ளைகளில் பலர், எங்கோ லண்டனிலோ டெக்சாஸிலோ இருக்கும் ஒரு குடோனுக்குத்தான் காவல் இருக்கிறார்கள். என்ன, உள்ளே இருப்பது அரிசி மூட்டை இல்லை. ஒரு கம்பெனியின் கணக்கு, சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரி என்றால் நோயாளியின் ஸ்கேன், கல்லூரி என்றால் மாணவரின் மார்க்.

முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வர், அதற்குள்ளேயே அதற்கான ஹார்ட் டிஸ்க். இப்போது ஒரு பெரிய சர்வருக்குள் இருபது முப்பது ‘விர்ச்சுவல் மெஷின்’கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டராகவே நினைத்துக்கொள்ளும். பழைய திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கட்டடத்துக்குள் பல குடித்தனம், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அந்தக் கிணறுதான் ஷேர்டு ஸ்டோரேஜ். நெட்வொர்க் வழியே எல்லா சர்வர்களும் அதிலிருந்தே எடுக்கும், அதிலேயே போடும்.

பொதுவில் வைப்பதில் பெரிய சௌகரியம் உண்டு. விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் என்பது உண்மையில் ஒரு பெரிய ஃபைல்தான். அது சர்வருக்குள் இல்லாமல் பொது இடத்தில் இருப்பதால், ஒரு சர்வர் பழுதாகிப் படுத்தால் பக்கத்து சர்வர் அதே ஃபைலைத் திறந்து வேலையைத் தொடரும். 2003-ல் விஎம்வேர் நிறுவனம் கொண்டுவந்த வசதி ஒன்று இதற்கும் மேலே போனது. ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை, பயன்படுத்துபவர் அறியாமலேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். பில் போட்டுக்கொண்டிருக்கும் ஊழியருக்கு, தன் கம்ப்யூட்டர் வீடு மாறிவிட்டது என்பதே தெரியாது.

சௌகரியம் எங்கே இருக்கிறதோ, ஆபத்தும் அதே இடத்தில்தான். சர்வர் ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. கிணறே இடிந்தால்?

அதற்கு வருவதற்கு முன், இந்த வேலையின் தினசரித் தலைவலியைச் சொல்லிவிட வேண்டும். அது இடம் பற்றியது. அக்கவுன்ட்ஸ் பிரிவு 500 ஜிபி கேட்கும். கொடுத்தால் 60 ஜிபிதான் பயன்படுத்தும். மார்க்கெட்டிங், ஹெச்ஆர் எல்லாம் இப்படித்தான். கேட்டதையெல்லாம் நிஜ டிஸ்க்காக வாங்கிப்போட்டால் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும். அதனால், கேட்டவர்களுக்கெல்லாம் ‘இருக்கிறது’ என்று கணக்கில் காட்டிவிட்டு, அவர்கள் எழுத எழுத நிஜ இடத்தைக் கொடுப்பார்கள். இதற்கு ‘தின் புரொவிஷனிங்’ என்று பெயர். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைக்கிற அதே கணக்கு. அனுபவமுள்ள சமையல்காரர் போடும் கணக்கு பொய்ப்பதில்லை, முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையாக இல்லாதவரை.

பொய்த்துவிட்டால் பந்தியைவிட இங்கே நிலைமை மோசம். பந்தியில் இலை தீர்ந்தால் கடைசியில் வந்தவருக்குத்தான் சாப்பாடு இல்லை. ஸ்டோரேஜில் இடம் தீர்ந்தால், அதில் எழுத முயலும் மெஷின்கள் எல்லாமே நின்றுபோகும். அதிகமாகத் தின்றவர், அளவாகத் தின்றவர் என்ற பேதம் கிடையாது.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் மறதிதான். மென்பொருளை அப்டேட் செய்யும்முன் ஒரு ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணத்தில் இருந்த டிஸ்க் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகான மாற்றங்கள் எல்லாம் வேறு ஃபைலில் சேரும். அப்டேட் சொதப்பினால் பழையதற்குத் திரும்பிவிடலாம். வேலை முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும், நீக்காவிட்டால் அந்தத் தனி ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரே சொல்லும் அறிவுரை. ஆறு மாதமாகக் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டை எந்த அட்மினும் பார்த்திருப்பார்.

இன்னொரு பக்கம் மனிதர்கள். “சார், 2011-ம் வருஷ ஃபோல்டரை அழிச்சிடலாமா?” என்று கேட்டால், “இருக்கட்டும்ப்பா, எப்பவாவது தேவைப்படும்” என்றுதான் பதில் வரும். பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில்களைச் சேர்த்துவைக்கும் வீட்டில் வளர்ந்த யாரும் இந்தப் பதிலைக் குறை சொல்ல முடியாது. ஆனால், எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும், புது டிஸ்க்குக்கும் காசு கிடையாது என்கிறபோது, அட்மின் எதையாவது எங்காவது சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார். பெரும்பாலும் விடுபடுவது பேக்கப். ஏனென்றால் அது இல்லாததை அன்றைக்கு யாரும் கவனிக்கப்போவதில்லை.

லண்டன் கிங்ஸ் காலேஜில் நடந்தது இதுதான். 2016 அக்டோபர் 17 அன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மைய ஸ்டோரேஜில் ஒரு வன்பொருள் பாகம் பழுதானது. இது அதிசயமே இல்லை. பாகம் பழுதாவது சகஜம், மற்றவை சுமையைத் தாங்கிக்கொள்ளும் வகையில்தான் இந்த இயந்திரங்களைக் கட்டுகிறார்கள். பழுதான பாகத்தை மாற்றினார்கள். மாற்றியதும் எழுந்து உட்கார வேண்டிய இயந்திரம், அதன் உள் மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் மொத்தமாகப் படுத்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் முக்கியமான சேவைகள் பலவும் அதைத்தான் நம்பியிருந்தன. எல்லாம் திரும்ப ஓடுவதற்குப் பல வாரங்கள் ஆயின.

பேக்கப் இல்லையா? இருந்தது. ஆனால், ஒரு பகுதி அதே இயந்திரத்திலேயே இருந்தது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இரண்டாவது பாதுகாப்பாக டேப்பில் எடுத்துவைக்கும் ஏற்பாடும் இருந்தது. ஆனால், சில தகவல்கள் டேப்புக்குப் போகவே இல்லை. காரணம், கொள்ளளவு போதவில்லை. பின்னால் நடந்த விசாரணையின் அறிக்கை இதைச் சொல்லிவிட்டு, கூடவே இன்னொன்றையும் சொன்னது. இதனால் என்ன ஆகலாம் என்பது நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

இயந்திரக் கோளாறைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் வலிக்கிறது. பொது ஃபோல்டரில் தன் ஆராய்ச்சிக் குறிப்புகளைப் போட்டுவைத்த ஒருவர், ‘யுனிவர்சிட்டியே பார்த்துக்கொள்கிறது’ என்று நம்பித்தானே போட்டிருப்பார்? அந்த ஃபோல்டருக்கு டேப் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால், நூறு பவுண்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கித் தானே எடுத்துவைத்திருப்பார்.

‘ரெய்டு இருக்கே, அப்புறம் எப்படிப் போகும்?’ என்று கம்பெனி முதலாளிகள் கேட்பதுண்டு. வருமான வரி ரெய்டு இல்லை. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்த முறைக்கு அந்தப் பெயர். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து அதன் தகவலைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். நல்ல முறை, இன்றுவரை உலகம் அதில்தான் ஓடுகிறது. ஆனால், அது காப்பது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும்தான். தவறான கட்டளையிலிருந்து அது யாரையும் காப்பாற்றாது. அழி என்றால், எல்லா டிஸ்க்கிலும் ஒற்றுமையாக அழித்துவிடும்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் அப்படித்தான் ஆனது. சூப்பர் கம்ப்யூட்டரின் பொது ஸ்டோரேஜில், பழைய பதிவு ஃபைல்களை மட்டும் துடைத்து எடுக்க ஒரு சின்ன நிரல் வைத்திருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய வடிவத்தை மேலே ஏற்றிவிட்டார்கள். பாதி பழையது, பாதி புதியது என்று குழம்பிய நிரல், எதை அழிப்பது என்ற அளவே தெரியாமல் அழிக்க ஆரம்பித்தது. போனது 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். பாதிக்கப்பட்டவை 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் ஃபைல்களைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. இத்தனைக்கும் அது பேக்கப் வேலையின் ஒரு பகுதியாக ஓடிய நிரல்!

தென்கொரியா இன்னும் பெரிய கதை. அங்கே அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காமல், ஜி-டிரைவ் என்ற பொது ஸ்டோரேஜில் போட்டுவைக்கச் சொல்லியிருந்தது அரசு. ஆளுக்கு 30 ஜிபி. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் இருக்கும் அரசுத் தகவல் மையத்தில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு கணினி அமைப்புகள் நின்றன. மற்றவை மெள்ள மெள்ள எழுந்தன. ஜி-டிரைவ் எழவில்லை. அதிலிருந்த சுமார் 858 டெராபைட்டும் சாம்பல். வெளியே பேக்கப் இல்லை. ஏன் இல்லை என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம், அளவு மிகப் பெரியது என்பது. ஊழியர்கள் அத்தனை பேரும் ஜி-டிரைவையே நம்பியிருந்த பணியாளர் நிர்வாக அமைச்சகத்துக்குத்தான் பெரிய அடி. சொன்னதை ஒழுங்காகக் கேட்டு நடந்தவர்கள் அதிகமாக இழந்தார்கள்.

858 டெராபைட் அவ்வளவு பெரியதா? 128 ஜிபி போன்களாக அடுக்கினால் சுமார் 6,700 போன். பெரிய கம்பெனிகள் பேக்கப்புக்குப் பயன்படுத்தும் எல்டிஓ-9 வகை டேப் ஒன்றில், சுருக்காமலேயே 18 டெராபைட் பிடிக்கும். உள்ளங்கையில் அடங்குகிற கேசட் அது. 48 கேசட் போதும், ஒரு டிராவல் பேக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஒரே டிரைவை வைத்து முழு வேகத்தில் எழுதினாலும் 25 நாளில் முடியும். தினமும் மாறும் ஃபைல்களைப் பின்தொடர்வது, அதற்கு ஆள் போடுவது, செலவு என்று நடைமுறைச் சிக்கல்கள் உண்டுதான். ஆனாலும், ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கு அது முடியாத காரியம் என்று ஒப்புக்கொள்வது கஷ்டம்.

பேக்கப்புக்கு இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் 3-2-1 என்ற விதியைப் பரப்பியவர் கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல, பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். போட்டோ தொலைந்தால் அந்தத் தருணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்ற பயம் கேமராக்காரருக்கு இருந்திருக்கிறது. ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்துபவர் அலுவலக மூலையில் வைத்திருக்கும் நான்கு டிஸ்க் பெட்டிக்கும் இதே விதிதான். நான்கு டிஸ்க் என்பது நான்கு பிரதி இல்லை. மேலே தண்ணீர்க் குழாய் வெடித்தால் நான்கும் சேர்ந்தே நனையும்.

நல்ல அட்மின்களிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டு முதலாளியிடம் நீட்டுவது: ‘இவை பேக்கப்பில் இருக்கின்றன, இவை இடமில்லாததால் இல்லை, போனால் போனதுதான். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.’ கையெழுத்துக் கேட்டவுடன் புது டிஸ்க்குக்குக் காசு கிடைத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த ரகசியம். அப்படிக் கேட்பது எளிதல்ல. சிறிய பொறுப்பில் இருக்கும் பிள்ளை, “இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?” என்ற கேள்விக்குப் பயந்தே பேசாமல் இருந்துவிடும். அதைக் கேட்காத மேலதிகாரி அமைவதும் பேக்கப்பில் ஒரு பாதிதான்.

இரண்டாவது பழக்கம், திரும்ப எடுத்துப் பார்ப்பது. பேக்கப் முடிந்ததாகப் பச்சை விளக்கு தினமும் எரியும். அதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்குக்குத் தெரியாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு சர்வரை பேக்கப்பிலிருந்து எடுத்து, மற்றவற்றோடு சேராமல் தனியாக ஓடவிடுகிறார்கள். பிறகு அக்கவுன்ட்ஸ் அம்மாவுக்கு போன். “மேடம், போன செவ்வாய்க்கிழமை லெட்ஜரைத் திறந்து பாருங்களேன்.” லீவு நாளில் கூப்பிட்ட எரிச்சலோடு அவர் திறக்கிறார். கடைசி வரி வரைக்கும் போய்ப் பார்க்கிறார். “சரியாத்தான்ப்பா இருக்கு. இதுக்கா கூப்பிட்டே?” என்று போனை வைத்துவிடுகிறார். அட்மின் நோட்டில் தேதியும் நேரமும் எழுதி, எவ்வளவு நிமிடம் ஆனது என்றும் குறித்துக்கொள்கிறார்.